உள்ளேயா, வாசற்படியிலா, வெளியிலா? 113-க்கு ஆள் குறையும்போது சிறுபான்மைக் கட்சி என்ன செய்வது

இலங்கைப் பாராளுமன்றத்தில் 225 ஆசனங்கள். 113 கையில் இருந்தால் அரசாங்கம். 1994 ஆகஸ்டில் சந்திரிகாவின் பொதுசன ஐக்கிய முன்னணிக்குக் கிடைத்தவை 105. எட்டுக் குறைந்தது. அஷ்ரஃபின் ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரஸ் ஏழைக் கொண்டுவந்தது. நுவரெலியாவில் சுயேச்சையாக வென்ற மலையகத் தலைவர் சந்திரசேகரன் ஒன்றைக் கொண்டுவந்தார். சரியாக 113. பதினேழு வருட ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சியை வீட்டுக்கு அனுப்பிய கணக்கு, கிழக்கிலும் மலையகத்திலும் இருந்து வந்த அந்த எட்டுப் பேரில்தான் முடிந்தது.

இப்படிப்பட்ட நாள் பத்து வருடத்துக்கு ஒரு முறை வருகிறது. 2024 நவம்பருக்குப் பிறகு அது எட்டாத தூரத்தில் இருப்பதுபோலத் தெரியலாம். தேசிய மக்கள் சக்திக்கு 159 ஆசனங்கள். யாழ்ப்பாணத்தின் ஆறில் மூன்றும் அதற்கே. தமிழரசுக் கட்சியின் எட்டுப் பேர் கையை உயர்த்தினாலும் இறக்கினாலும் எந்தச் சட்டமும் நிற்கப் போவதில்லை. ஆனால் யோசிக்க ஏற்ற காலம் இதுதான். தொங்கு பாராளுமன்றம் அமைந்த இரவில், தொலைபேசி விடாமல் அடிக்கும்போது, யாரும் நிதானமாகக் கணக்குப் பார்ப்பதில்லை.

நம்மிடம் இந்த விவாதம் இரண்டு சொற்களில் முடிந்துவிடுகிறது: உரிமை அரசியல், சலுகை அரசியல். யார் எந்தப் பக்கம் என்று முத்திரை குத்தியதும் பேச்சு ஓய்ந்துவிடும். அந்த முத்திரைகளைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, ஒவ்வொரு வழியிலும் போனவர்களுக்குக் கைக்கு என்ன வந்தது, அது எப்போது வந்தது என்று மட்டும் பார்க்கலாம்.

புறக்கணிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1931-இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், டொனமூர் அரசியலமைப்பு முழுச் சுயாட்சி தரவில்லை என்று சொல்லித் தேர்தலைப் புறக்கணித்தது. நோக்கத்தில் குறையில்லை, அந்த நாளில் இலங்கையிலேயே அதைவிட முற்போக்கான கோரிக்கை இருந்ததாகத் தெரியவில்லை. தெற்கில் பாராட்டினார்கள், பாராட்டிவிட்டு வேட்புமனுவும் தாக்கல் செய்தார்கள். வடக்கின் நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. 2005 ஜனாதிபதித் தேர்தலில் நடந்தது வேறு வகை. விடுதலைப் புலிகள் திணித்த புறக்கணிப்பு அது. யாழ். மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் 1.21 சதவீதம். மகிந்த ராஜபக்ச ரணிலை வென்றது சுமார் 1,80,000 வாக்குகளால். அதன் பின்பு வந்தவற்றை இங்கே எழுதத் தேவையில்லை.

எதிர்க்கட்சி வரிசையில் நிலையாக இருந்துவிடுவது இரண்டாவது வழி. இதில் ஒரு நிம்மதி உண்டு: கட்சி உடையாது, தலைவர் விலைபோனார் என்று யாரும் சொல்ல முடியாது. 1977-இல் தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18 ஆசனங்கள். சுதந்திரக் கட்சி எட்டாகச் சுருங்கியதால் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். பேச்சுக்கள் பாராளுமன்றப் பதிவேடான ஹன்சாட்டில் இருக்கின்றன. இன்று வாசித்தாலும் கூர்மை மழுங்கவில்லை. ஆனால் ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் ஜே.ஆர். ஜெயவர்தனவிடம் ஆறில் ஐந்து பங்கு பெரும்பான்மை இருந்தது. 1983-இல் ஆறாம் திருத்தம் கொண்டுவந்து, பிரிவினைக்கு எதிராகச் சத்தியப் பிரமாணம் செய் என்றார்கள். செய்யாதவர்களின் ஆசனம் பறிபோனது. எதிரே இருப்பவருக்கு உங்கள் கை தேவையில்லை என்றால், நீங்கள் எந்த வரிசையில் அமர்ந்திருக்கிறீர்கள் என்பதும் அவருக்குப் பொருட்டில்லை.

அமைச்சரவைக்குள் போவது என்ற வழியைத்தான் நாம் சரியாகப் படிக்கவில்லை என்று நினைக்கிறேன். அதில் வென்றவரும் தோற்றவரும் ஒரே மாதிரி உள்ளே போனவர்கள்தான்.

ஜி.ஜி. பொன்னம்பலம் 1948-இல் டி.எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் கைத்தொழில் அமைச்சரானார். காங்கேசன்துறைச் சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனைக் கடதாசி என்று இன்றும் சொல்லப்படும் ஆலைகள் அந்தக் கணக்கில் வருபவை. மறுபக்கத்தில், மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோன காலமும் அதுவே. செல்வநாயகம் பிரிந்துபோய் 1949-இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1956 தேர்தலில் தமிழரசுக்குப் பத்து, பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரஸுக்கு ஒன்று. ஆலை கட்டியவருக்கு வாக்காளர் கொடுத்த கூலி அது. ஆலைகளைப் பற்றிப் பேசும் யாழ்ப்பாணத்தார் இந்தப் பாதியை மறந்துவிடுவார்கள். குடியுரிமையைப் பற்றிப் பேசுபவர்கள் அந்தப் பாதியை.

சௌமியமூர்த்தி தொண்டமானின் கதை வேறு. 1977-இல் அவர் நுவரெலியா–மஸ்கெலியாவிலிருந்து வந்த ஒற்றை உறுப்பினர். ஜே.ஆருக்கு 140 பேர். எண் கணக்குப்படி தொண்டமானுக்கு ஒரு தேநீர் கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் 1978-இல் அமைச்சராக எடுத்தார்கள். காரணம் பாராளுமன்றத்துக்குள் இல்லை. தேயிலைத் தோட்டங்களை நிறுத்தக்கூடிய தொழிற்சங்கம் அவர் பின்னால் இருந்தது. நாடு முழுவதும் ஒரே தொகுதியாக வாக்களிக்கும் ஜனாதிபதித் தேர்தலும் வரவிருந்தது. அவர் உள்ளே போன பிறகும் அந்தச் சங்கத்தைத் தூங்கவிடவில்லை. 1984 ஏப்ரலில் அமைச்சராக இருந்துகொண்டே தோட்ட வேலைநிறுத்தத்தை நடத்தினார். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்கூலி அதில்தான் வந்தது. 1986 ஜனவரியில் அதற்கு வேலைநிறுத்தம் என்று பெயர் வைக்கவில்லை, பிரார்த்தனை என்றார்கள். காலையில் கொழுந்து பறிக்க வேண்டிய கைகள் கும்பிட்டுக்கொண்டிருந்தன. அந்த ஆண்டே நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது; 1988-இல் இன்னொன்று. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மனிதரை இந்தியாவுக்கும் இலங்கைக்குமாக லட்சக் கணக்கில் பிரித்து எழுதிய விவகாரம், ஒற்றை ஆசனக்காரர் ஒருவரின் காலத்தில் பெருமளவு தீர்ந்தது.

இதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. 1983 ஜூலையில் அவர் அமைச்சராகத்தான் இருந்தார். கடைகள் எரிந்தன. 2014 ஜூனில் அளுத்கமவில் முஸ்லிம்களின் வீடுகள் எரிந்தபோது, முஸ்லிம் காங்கிரஸின் தலைவர் ரவூப் ஹக்கீம் அந்த அரசாங்கத்தின் நீதி அமைச்சர். சட்டம் செய்யும் கதிரையில் இருந்தவர், சட்டம் தெருவில் செத்துக்கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தது. அமைச்சுப் பதவி வீடு தரும், பாதை தரும், பல்கலைக்கழகமும் தரும். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அஷ்ரஃபின் காலத்தில் வந்ததுதான். கும்பல் வரும் இரவில் அது காவல் தராது. உள்ளே போகிறவர்கள் இதைத் தங்கள் மக்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை.

உள்ளே போவதன் இன்னொரு விலை கட்சி உடைவது. தலைவருக்கு ஒரு அமைச்சு என்றால், அடுத்தவருக்கு ஒரு பிரதி அமைச்சு ஏன் கூடாது என்ற கேள்வி எழும். கொழும்பில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எப்போதும் ஆள் இருக்கிறார். முஸ்லிம் காங்கிரஸிலிருந்து அதாவுல்லா பிரிந்தார், ரிஷாட் பதியுதீன் பிரிந்தார், இருவரும் தனிக் கட்சி வைத்து அமைச்சரானார்கள். 2020 அக்டோபரில் எதிர்க்கட்சியில் இருந்தபோதே அந்த நோய் தொற்றியது: ஜனாதிபதியின் அதிகாரத்தைப் பெருக்கிய 20-ஆம் திருத்தத்துக்குத் தலைவர் எதிர்த்து வாக்களிக்க, அவர் கட்சியின் நான்கு பேர் ஆதரித்தார்கள். அப்போது கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் கட்டாயமாக எரிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. திருத்தம் 156 வாக்குகளுடன் நிறைவேறியது. எரிப்பு நிற்கவில்லை. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. அதன் பிறகே ஓட்டமாவடியில் குழிகள் வெட்டப்பட்டன. கை உயர்ந்ததற்கும் குழி வெட்டப்பட்டதற்கும் நடுவில் நான்கு மாதம். அந்த நான்கு மாதத்தில் எரிந்தவர்களில் இருபது நாள் குழந்தை ஒன்றும் இருந்தது.

மிஞ்சுவது வாசற்படி: அமைச்சு வேண்டாம், வெளியிலிருந்து ஆதரவு. வடக்கு கிழக்குத் தமிழ்க் கட்சிகளுக்கு மிகவும் பிடித்த இடம் இது. கை சுத்தமாக இருக்கும், பேரம் பேசும் பலமும் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. நடந்ததைப் பார்ப்போம்.

1965-இல் ஐக்கிய தேசியக் கட்சி வென்றவை 66. தெரிவு செய்யப்படும் ஆசனங்கள் 151. தமிழரசுக் கட்சியிடம் 14. மார்ச் 24 அன்று ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் டட்லி சேனநாயக்கவுக்கும் செல்வநாயகத்துக்கும் இடையிலான டட்லி–செல்வா ஒப்பந்தம் கையெழுத்தாகியது. கட்சியின் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் எவரும் அமைச்சராகவில்லை. செனட் சபைக்கு நியமிக்கப்பட்ட மு. திருச்செல்வம் மட்டும் உள்ளூராட்சி அமைச்சரானார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. புத்திசாலித்தனமான தெரிவுதான், ஏனென்றால் ஒப்பந்தத்தின் உயிர்நாடியான மாவட்ட சபைகளை அமைக்க வேண்டியது அந்த அமைச்சு. 1966 ஜனவரியில் தமிழ்மொழி விதிகள் நிறைவேறின. மாவட்ட சபைகளோ 1968-இல் வெள்ளை அறிக்கையாக வெளிவந்து, ஆளும் கட்சிக்குள்ளேயே எதிர்ப்புக் கிளம்பியதும் கைவிடப்பட்டன. திருகோணமலையின் திருக்கோணேஸ்வரக் கோயிலைப் புனித பூமியாக்கும் முயற்சியைப் பிரதமரே நிறுத்தியபோது திருச்செல்வம் பதவி விலகினார். கட்சி வெளியே வந்தது. டட்லியின் அரசாங்கம் அசையவில்லை. 1970 வரை ஓடியது. 1965 மார்ச்சில் பொன்னாக இருந்த 14 ஆசனங்கள் மூன்று வருடத்தில் செப்புக்காசாகிவிட்டிருந்தன.

1965-க்கு ஐந்து வருடம் முன்பு இதே கட்சி இன்னொரு பாடத்தையும் படித்திருந்தது. 1960 மார்ச்சில் டட்லிக்கு 50, சுதந்திரக் கட்சிக்கு 46, தமிழரசுக்கு 15. டட்லி கோரிக்கைகளை ஏற்கவில்லை. சிம்மாசனப் பிரசங்க வாக்கெடுப்பில் அவரை வீழ்த்தினார்கள். மகிழ்ச்சியோடு ஜூலைத் தேர்தலுக்குப் போனால், சுதந்திரக் கட்சியின் சிறிமாவோ 75 ஆசனங்களோடு வந்தார். முன்பு பேசிய இணக்கம் அவருக்கு இனித் தேவைப்படவில்லை. 1961-இன் முதல் நாளிலிருந்து சிங்களத்தை ஒரே ஆட்சிமொழியாக்கிய "சிங்களம் மட்டும்" சட்டம் நடைமுறைக்கு வந்தது. தமிழரசு சத்தியாக்கிரகத்தில் உட்கார்ந்தது.

2015-க்கு வருவோம். ஆகஸ்ட் தேர்தலில் ரணிலின் முன்னணிக்கு 106, தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 16. ஏழு பேர் குறைந்தால் பதினாறு பேர் ராஜா என்று தோன்றும். ஆனால் ஜனாதிபதி மைத்திரியின் சுதந்திரக் கட்சி தேசிய அரசாங்கத்தில் சேர்ந்துவிட்டதால் அந்தப் பதினாறு பேர் இல்லாமலே எண்ணிக்கை நிறைந்திருந்தது. கூட்டமைப்பின் தலைவர் சம்பந்தன் எதிர்க்கட்சித் தலைவராக இருந்துகொண்டே அரசாங்கத்தைத் தாங்கினார். இந்த விசித்திரத்தைத் தெற்கின் எதிரணியும் வடக்கின் விமர்சகர்களும் ஒரே குரலில் கேலி செய்தார்கள். காணாமல் போனோர் அலுவலகச் சட்டம் வந்தது. சில காணிகள் விடுவிக்கப்பட்டன. அரசியலமைப்புக்கு 2017 செப்டம்பரில் ஓர் இடைக்கால அறிக்கை வந்து, "ஏக்கிய இராச்சிய" என்பதற்கு "ஒருமித்த நாடு" சரியான தமிழா என்ற அகராதிச் சண்டையோடு நின்றுபோனது.

உண்மையான பலம் 2018 அக்டோபர் 26-க்குப் பிறகு வந்தது. மைத்திரி ரணிலை நீக்கி மகிந்தவைப் பிரதமராக்கினார். டிசம்பர் 12 அன்று ரணில் மீதான நம்பிக்கை வாக்கெடுப்பில் 117 கிடைத்தபோது, அதில் கூட்டமைப்பின் 14 பேர் இருந்தார்கள். அவர்களை எடுத்துவிட்டால் 103. அன்றிலிருந்து 2019 நவம்பர் வரை அவர்கள் இல்லாமல் அந்த அரசாங்கத்துக்கு 113 என்ற பெரும்பான்மை இல்லை. வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றிக் கொடுத்தார்கள். பதிலுக்குக் கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தை முழுப் பிரதேச செயலகமாகத் தரமுயர்த்த வைக்க முடிந்ததா? சட்டத் திருத்தம்கூட வேண்டாத நிர்வாக முடிவு அது. 2019 ஜூனில் அதற்காக உண்ணாவிரதம் இருந்தார்கள், கொழும்பிலிருந்து உறுதிமொழி வந்தது, காரியம் நடக்கவில்லை. அந்த ஊரின் முஸ்லிம் தரப்புக்கு அது பிடிக்கவில்லை. அவர்களின் கட்சிகள் ஆளும் தரப்புக்குள் இருந்தன. வாசற்படியில் நிற்பவரைவிட உள்ளே உட்கார்ந்திருப்பவரின் குரல் பிரதமருக்குக் கிட்டக் கேட்டது. ஒரு சிறுபான்மையின் பலம் இன்னொரு சிறுபான்மையின் மீதே செலவாகும் இந்தக் கதையை இரண்டு தரப்பிலும் பேச விரும்புவதில்லை.

வெளியிலிருந்து தாங்குவது பயனற்றது என்று நான் சொல்லவில்லை. இஸ்ரேலில் 1992 முதல் ராபினின் அரசாங்கத்தைத் தாங்கிய இரண்டு அரபுச் சார்புக் கட்சிகளிடம் மொத்தம் ஐந்து ஆசனங்கள்தான் இருந்தன. அமைச்சுப் பதவி ஒன்றும் இல்லை. 1995 மே மாதத்தில் கிழக்கு ஜெருசலேமில் அரசாங்கம் காணி சுவீகரிக்கப் புறப்பட்டபோது அவர்களே நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்தார்கள். வலதுசாரி லிக்குட்டும் சேர்ந்து வாக்களிக்கத் தயாரானது. ராபின் சுவீகரிப்பை நிறுத்திவைத்தார். ஐந்து பேர் செய்ததைப் பதினான்கு பேர் 2019-இல் செய்து பார்க்கவேயில்லை. மறுபக்கம் மகிந்த இருக்கிறார், நாம் தள்ளினால் அவர் வருவார் என்ற பயம். பயத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தப் பயம் ரணிலுக்கும் தெரிந்திருந்தது. போக வேறு கடை இல்லாத வாடிக்கையாளருக்கு யார் விலை குறைப்பார்கள்? 2020-இல் வாக்காளர்கள் 16-ஐப் பத்தாக்கினார்கள்.

எந்த வழியில் பேரம் பேசினாலும் பொதுவாக ஒரு முடிச்சு இருக்கிறது. ஒப்பந்தத்தைப் பகிரங்கமாகச் செய்தால் தெற்கில் கிளர்ச்சி வரும். பிரதமர் பண்டாரநாயக்க செல்வநாயகத்தோடு செய்த 1957-இன் பண்டா–செல்வா ஒப்பந்தம், மறு ஆண்டு ஏப்ரலில் பிக்குகள் பிரதமரின் வீட்டு வாசலில் உட்கார்ந்ததும் செத்தது. இரகசியமாகச் செய்தால் பின்னர் கேட்க நாதியில்லை. 2015 ஜனவரியில் மைத்திரியிடம் எழுத்தில் எதுவும் வாங்காததற்கு, தெற்கில் அவருடைய வாக்கு சிதறிவிடும் என்பதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. ஆக, எழுதினாலும் கெட்டது, எழுதாவிட்டாலும் கெட்டது.

இதை அவிழ்த்துக் காட்டியவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். 1988-இல் அஷ்ரஃபிடம் பாராளுமன்றத்தில் ஓர் ஆசனம்கூட இல்லை. ஒரு மாவட்டத்தில் ஆசனம் பெறத் தேவையான வெட்டுப்புள்ளி அப்போது 12.5 சதவீதம், சிறு கட்சி எதுவும் நுழைய முடியாத உயரம். ஜனாதிபதித் தேர்தலில் பிரேமதாசவுக்கு முஸ்லிம் வாக்கு வேண்டியிருந்தது. அஷ்ரஃப் ஒப்பந்தம் கேட்கவில்லை, வாக்குறுதி கேட்கவில்லை. அரசியலமைப்புத் திருத்தம் கேட்டார். வெட்டுப்புள்ளியை 5 சதவீதமாகக் குறைத்த 15-ஆம் திருத்தம் டிசம்பர் 17 அன்று சட்டமானது. வாக்களிப்பு டிசம்பர் 19. இடையில் இரண்டே நாள். சரக்கு கைக்கு வந்த பிறகு காசு கொடுத்தார். சிறு கட்சியாக இருந்த காலத்து ஜே.வி.பி. முதல் தமிழ்க் கட்சிகள்வரை எல்லாச் சிறு கட்சிகளும் அந்த 5 சதவீதத்தின் நிழலில் நின்றவைதான்.

ஆகவே என் தெரிவு எல்லோருக்கும் ஒன்றல்ல. மலையகக் கட்சி என்றால் உள்ளே போகச் சொல்வேன். லயன் அறையை வீடாக்குவதும், அந்த வீட்டுக்குக் காணி உறுதி வாங்குவதும் அமைச்சுக் கோப்புகளில் நடக்கிற வேலைகள். வெளியே நின்று கேட்டால் வருடங்கள் போகும். ஒரு நிபந்தனை: தொழிற்சங்கம் உயிரோடு இருக்க வேண்டும். சங்கம் தேய்ந்த பிறகு உள்ளே போகும் மலையக அமைச்சரிடம் வாகனம் மட்டும்தான் மிஞ்சும். முஸ்லிம் கட்சிகளுக்கு நான் தயங்குகிறேன். நாடு முழுவதும் சிதறி வாழும் சமூகத்துக்கு அரசாங்கத்தோடு ஒரு கதவு திறந்திருக்க வேண்டும் என்ற வாதம் பலமானது; அளுத்கமவும் ஓட்டமாவடியும் அதைவிடப் பலமாக எதிர்த்துப் பேசுகின்றன.

வடக்கு கிழக்குத் தமிழ்க் கட்சிக்கு வாசற்படிதான் சரி. அமைச்சு எடுத்தால் கட்சி இரண்டாகும். எதிரே உட்கார்ந்தால் எண்ணிக்கை வீணாகும். ஆனால் 2015-இன் வாசற்படி வேண்டாம். ஐந்து வருடத்துக்கு மொத்தமாக ஆதரவு கொடுப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்துக்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். "நிரந்தரத் தீர்வு" என்ற பெரிய சொல்லுக்குப் பதிலாக, 113 வாக்கில் அல்லது ஒரு வர்த்தமானியில் முடியக்கூடிய நான்கைந்து காரியங்களைக் கேட்க வேண்டும். நாம் கை உயர்த்தும் நாளுக்கு முந்திய நாள் அது அச்சில் வந்திருக்க வேண்டும்.

முதல் காரியமாக எதைக் கேட்பது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2017 செப்டம்பரில் மாகாண சபைத் தேர்தல் திருத்தச் சட்டம் நிறைவேறியபோது கூட்டமைப்பும், முஸ்லிம் கட்சிகளும், மலையகக் கட்சிகளும் கை உயர்த்தின. புதிய முறைக்கு எல்லை நிர்ணயம் வேண்டும் என்றார்கள். அந்த எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றமே ஒரு வாக்கும் ஆதரவாக இல்லாமல் நிராகரித்தது. வடக்கு மாகாண சபையின் காலம் அந்த அக்டோபரில் முடிந்தது; புதிய தேர்தலை நடத்த முறை எதுவும் இல்லாமல் போனது. பழைய விகிதாசார முறைக்குத் திரும்பத் தேவைப்படுவது சில வரிகளில் அடங்கும் ஒரு திருத்தம். பூட்டுப் போட்டவர்களில் நாமும் இருந்தோம். சாவியை யாரிடம் கேட்பது என்று அடுத்த முறை தொலைபேசி அடிக்கும் முன்பே எழுதி வைத்திருந்தால் நல்லது.